மொறிஸ் மைனரும் அபூதாஹிர் மேல் போட்ட பழியும்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
03.09.1974

அன்பு மகள் அருள்மலருக்கு,

அப்பா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், தூர தேசத்து ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கக் கால் நோக நின்று நோயாளிகளைப் பார்க்கிற நீ சுகமாக இருக்கிறாயா என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். உன் கடிதம் போன புதன்கிழமை கிடைத்தது. அம்மா இரண்டு தரம் வாசித்துவிட்டு என் கையில் தந்தா. கடைசியில் நீ கேட்டிருந்ததற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்ற ஊர்ப் புதினங்கள் பிறகு. கராஜ்கார அபூதாஹிர் எங்கள் மொறிஸ் மைனர் காரின் ஸ்ராட்டரை மாற்றவில்லை. நல்லதை வைத்துக்கொண்டு பழையதைத் தந்துவிட்டார் என்று போன கடிதத்தில் நான் எழுதியது முழுப் பிழை. இனி என்ன முகத்தோடு உன் சிநேகிதி பரீனாவுக்குக் கடிதம் போடுவது என்று கேட்டிருந்தாய், அவளுடைய வாப்பாவைப் பற்றி அப்படி எழுதினால் உனக்கு வேறு என்ன தோன்றும். நீ எப்போதும்போல அவளுக்கு எழுது பிள்ளை, வெட்கப்பட வேண்டியவன் நான்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். யூலை மாதக் கடைசியில் ஸ்ராட்டர் கரகரவென்று சத்தம் போட்டது, நானே கழற்றி உட்துறைமுக வீதியில் அபூதாஹிரின் கராஜில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தக் காலத்தில் புதுச் சாமான் கொழும்பிலும் எடுக்க ஏலாது, அவர் தேய்ந்ததை எல்லாம் தானே கடைந்து போட்டு மூன்றாம் நாள் திருப்பித் தந்தார். அந்த மூன்று நாளும் நான் சும்மா இருக்கவில்லை. மாதா திருநாள் வருகிறதென்றால் வீட்டில் கடற்காற்றுப் படுகிற இரும்பு எல்லாவற்றையும் சுரண்டி டொக்யாட்டில் கப்பலுக்கு அடிக்கிற சாம்பல் பெயின்ற் பூசுகிற என் பழக்கம் உனக்குத் தெரியும். கேற், யன்னல் கம்பி, கிணற்றுக் கப்பி எல்லாம் முடிந்தும் பேணியில் பெயின்ற் மிஞ்சிக் கிடந்தது, ஸ்ராட்டர் கழற்றின கார் பொனற்றைத் திறந்தபடி நின்றது, அதற்குள்ளும் பூசினேன். அம்மா வந்து பார்த்துவிட்டு என்னையும் ஒரு தரம் பூசிவிடுங்கோ, துருப்பிடிக்காமல் இருப்பேன் என்று பகிடி பண்ணினா.

பிறகு ஸ்ராட்டரைப் பூட்டி, உள்ளே இருக்கிற அதன் பிடியை இழுத்தால் டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எஞ்சின் அசையவே இல்லை. லைற் போட்டுப் பார்த்தேன், வெளிச்சம் குறையவில்லை, அப்படியென்றால் பற்றரி நல்லது. சின்ன பல்பு ஒன்றில் வயர் கட்டி ஸ்ராட்டர் வரைக்கும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், கரண்ட் ஒழுங்காகப் போகிறது. மிஞ்சினது ஸ்ராட்டர் ஒன்றுதானே. டொக்யாட்டில் முப்பத்தொரு வருஷம் கப்பல் மின்சாரம் பார்த்தவன், எனக்குப் பிழைக்குமா என்ற எண்ணம். அந்த வெயிலிலேயே இறங்கி நடந்து போய், கிண்ணியாவிலிருந்து வந்து நின்ற இரண்டு லொறிக்காரருக்கு முன்னால் அபூதாஹிரைக் கள்ளன் என்றேன். உனக்கு அதை எழுதினேன், ஆனால் அவர் என்ன சொன்னார் என்று எழுதவில்லை. "ஐயா, அதக் கழட்டிக் கொண்டாங்க, ஒங்கட கண்ணுக்கு முன்னால பற்றரி குடுத்துச் சுத்திக் காட்டுறன்" என்று பொறுமையாகச் சொன்னார். உன் வித்தையெல்லாம் எனக்குக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சோதித்துக் காட்டுகிறேன் என்கிறவனிடம் வேண்டாம் என்று சொன்ன நானும் ஒரு எலக்ரீசியன். அன்று பின்னேரமே உனக்கு அந்தக் கடிதத்தை எழுதித் தபாலில் போட்டேன்.

கார் ஒரு மாதம் அப்படியே நின்றது. திருநாளுக்கும் நடந்துதான் போனோம். போன சனிக்கிழமை அம்மா இந்தக் காரில் கோழி அடைக்கலாமா என்று கேட்டா. கோபம் வந்து அவவை உள்ளே இருத்தி இழுக்கச் சொல்லிவிட்டு நான் எஞ்சினில் காது வைத்துக்கொண்டு நின்றேன். எதை இழுப்பதென்று தெரியாமல் அவ ஸ்ராட்டரையும் இழுத்து சோக்கையும் இழுத்து, பிறகு கையை உதறிக்கொண்டு, இஞ்சேருங்கோ, இது சுடுகுது என்றா. எஞ்சினுக்குப் போகிற காற்றைக் குறைக்கிற சோக்கின் வயர் வெறும் இழுவைக் கம்பி, அதில் கரண்ட் போக வேலையில்லை. நான் தொட்டுப் பார்த்தேன், நல்ல சூடு. அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஸ்ராட்டருக்குப் போன கரண்ட் பற்றரிக்குத் திரும்பி வரவும் வழி வேண்டும். எஞ்சின் இருப்பது ரப்பரின் மேல், அதனால் எஞ்சினையும், பற்றரியின் மற்ற முனை பூட்டியிருக்கிற காரின் இரும்புக் கூடான பொடியையும் ஒரு செப்புப் பட்டி தொடுத்திருக்கும், அதுதான் திரும்பி வருகிற வழி. அது அடைபட்டதால் கரண்ட் அந்த மெல்லிய சோக் கம்பியால் வரப் பார்த்திருக்கிறது. தடித்த வயர் ஒன்றை எஞ்சினிலும் பொடியிலும் பிடித்துக்கொண்டு இழு என்றேன், முதல் இழுவையிலேயே ஸ்ராட் ஆகிவிட்டது. அம்மாவுக்குச் சந்தோஷம், எனக்கு இல்லை. பட்டியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு நுனிக்கும் கீழே சாம்பல் பெயின்ற், இரண்டு பூச்சு, ஒரு புள்ளி விடாமல். உப்பு இறங்கக் கூடாதென்று போல்ட்டைக் கழற்றி அடியிலும் பூசி இறுக்கினவன் நானேதான். டொக்யாட்டில் பெயின்ற் அடித்தது வேறு ஆட்கள், வயர் பார்த்தது நான். வீட்டில் இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்ததில் வந்த வினை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அந்தக் காரிலேயே அவரிடம் போனேன். பழி சொன்னது ஆட்களுக்கு முன்னால் என்றபடியால் ஆட்கள் நிற்கிற நேரம் பார்த்துத்தான் போனேன். பொனற்றைத் திறந்து காட்டி, இது என் கைவேலை, உங்களில் ஒரு பிழையும் இல்லை, என்னை மன்னிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துவிட்டுப் பட்டியைத் தொட்டுப் பார்த்தார், தேத்தண்ணி எடுப்பித்தார், கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்து முடிகிற நேரம், இதை உங்கள் மகளுக்கும் எழுதினீர்களா என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். ஓம் என்றேன். என் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்தார். "இஞ்ச சொன்னத விடுங்க ஐயா, இவங்க என்னத் தெரிஞ்ச ஆக்கள். அந்தப் புள்ள எங்கட ஊட்டுல சோறு திண்ட புள்ள." பரீனாவுக்கு இதைப்பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையாம், சொல்லவும் மாட்டாராம்.

மற்றப்படி புதினம் பெரிதாக இல்லை. கடையில் பாணுக்கு வரிசை இன்னும் இருக்கிறது. கட்டைபறிச்சானிலிருந்து சித்தி கருவாடு அனுப்பினா, அதிலும் மிளகாய்த்தூளிலும் கொஞ்சம் உனக்குப் பார்சல் போட அம்மா கட்டிக்கொண்டிருக்கிறா. நேரத்துக்குச் சாப்பிடு, இனிக் குளிர் தொடங்கும், கம்பளிச் சட்டை வாங்காமல் மிச்சம் பிடிக்காதே. ஆண்டவர் உன்னை வழிநடத்துவார், மாதா உன் பக்கத்தில் நிற்பா, எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் என்றும் உனக்கு உண்டு.

ஒன்று மட்டும் மறக்காதே. போன மாதக் கடிதத்தைக் கிழித்துவிடு. கிழித்ததாகவும், அதை நம்பவில்லையென்றும், உன் மனதில் அது உண்மையென்றால் மட்டும், தனித் தாளில் அபூதாஹிர் மாமாவுக்கு இரண்டு வரி எழுதி இதற்குப் பதிலோடு வை. நான் வாசிக்க மாட்டேன், மடித்தபடியே கொண்டுபோய்க் கொடுப்பேன். என் மன்னிப்பை அவர் தேத்தண்ணியோடு ஏற்றுக்கொண்டுவிட்டார், அவர் காத்திருப்பது உன் சொல்லுக்கு.

உன் அன்பு அப்பா,
பே. இராஜநாயகம்