கொக்கி போட்ட சத்தம்

11 ஆகஸ்ட் 2025, திங்கள்

நூலகத்துக்குப் போய் வந்தேன். செவிலிமேட்டிலிருந்து ஸ்கூட்டரில் நேர்வழி எட்டு நிமிடம். நான் போகும் வழி பதின்மூன்று. நேர்வழியில் ராமராஜனின் போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. பதினோரு வருடமாக இந்தச் சுற்று.

காலை ஏழு மணிக்கு மனைவி கனகமாலா மெல்பர்னிலிருந்து பேசினாள். ஜனவரியில் மகள் வீட்டுக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனவள். ஜூனில் வருவதாக இருந்தது, பிறகு ஆகஸ்ட். இப்போது, "தீபாவளி போவட்டுங்க, ஜனனி தனியா சமாளிக்க மாட்டா" என்கிறாள். சாப்பிட்டீர்களா என்றாள். ஆச்சு என்றேன். ஆகவில்லை.

மடிக்கணினியில் இடம் தீர்ந்துவிட்டதாக எச்சரிக்கை வருகிறது. முப்பத்தாறு வருடச் செய்திக் குறிப்புகளை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். கேட்பவர் யாருமில்லை. வேறு என்ன செய்வது?

13 ஆகஸ்ட், புதன்

இடத்துக்கு வழி இருக்கிறது. இந்தக் கணினியின் இடப்பக்கத்தில் ஒரு பொந்து உண்டு. அதில் ஒரு தட்டைச் செருகலாம், உருவலாம். சிடி ஓடும் தட்டு ஒன்று, இரண்டாவது ஹார்டு டிஸ்க் வைத்த தட்டு ஒன்று. எது வேண்டுமோ அதைச் செருகிக்கொள்வது. உள்ளே போனதும் ஒரு கொக்கி பிடித்துக்கொள்ளும். அடியில் உள்ள பட்டனைத் தள்ளினால் விடும். இப்போது வருகிற கணினிகளில் இதெல்லாம் இல்லை.

என்னுடையதில் அந்தப் பொந்தை வெறும் மூடி போட்டு, மேலே பிளாஸ்டர் ஒட்டி வைத்திருக்கிறேன். பிளாஸ்டர் மேல் என் கையெழுத்தில் தேதி: 14.6.2014.

14 ஆகஸ்ட்

பிரிக்கவில்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

அன்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வாலாஜாபாத் பக்கம் ஓர் ஓடையில் சாயநீர் கலப்பதைப் பற்றி மூன்று மாதம் வேலை செய்தோம். எழுத்து நான், படம் ராமராஜன். பத்திரிகையில் எனக்குச் சம்பளம். அவருக்குப் படத்துக்கு இவ்வளவு என்று கூலி. என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். நாங்கள் இருவரும் ஒரே மாதிரிக் கணினி வைத்திருந்ததால் அவருடைய டிஸ்க் தட்டு என்னுடையதிலும் பொருந்தும். 640 படங்களும் அந்த ஒரே தட்டில்தான். கேமரா அட்டையை அன்றன்றே அழித்துவிடுவார். நகல் எடுக்க வேறு டிஸ்க் அவரிடம் இல்லை.

14.6.2014, சனி. திரும்பும் வழியில் அய்யம்பேட்டையில் டீ. என் கணினியில் தட்டைச் செருகிப் படங்களைக் காட்டினார். அப்படியே இருக்கட்டும், வீட்டில் படவிளக்கம் எழுதிவிடுகிறேன் என்றேன். "பூட்டிட்டேண்ணே, சத்தம் கேட்டுச்சு" என்று சொல்லிக் கணினியை என் பையில் வைத்தார். தனித்தனி வண்டியில் வந்தோம். வீட்டில் பையைத் திறந்தேன். கணினி இருந்தது. பொந்து காலி.

இருவரும் சாலை முழுக்கத் தேடினோம். கிடைக்கவில்லை. செய்தி செத்தது. அலுவலகம் விளக்கம் கேட்டது. 'புகைப்படக்காரர் தட்டைச் சரியாகப் பூட்டாத கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள்.

அவர் வீட்டுக்கு வந்து, "சத்தம் கேட்டுச்சுண்ணே, சத்தியமா" என்றார். சத்தம் ஆதாரமாகாது என்றேன். அதுதான் கடைசிப் பேச்சு.

18 ஆகஸ்ட், திங்கள்

காந்தி சாலைக் கடையில் பழைய தட்டு ஒன்று கிடைத்தது. பிளாஸ்டரைப் பிரித்து, மூடியை எடுத்து, தட்டைச் செருகினேன். டக்கென்று சுத்தமான சத்தம். பட்டன் பூட்டுக் குறியில் வந்து நின்றது.

கணினியைத் தூக்கி மேசையில் வைக்கப் போனேன். தட்டு நழுவி மடியில் விழுந்தது.

மறுபடி செருகினேன். சத்தம் வந்தது. சாய்த்தேன். விழுந்தது.

நான்கு முறை.

19 ஆகஸ்ட்

கடைக்காரர் இதற்கு உதிரி பாகம் வராது, புதிது வாங்குங்கள் என்கிறார். புதிது எனக்கு வேண்டாம். இதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

20 ஆகஸ்ட், புதன்

பிள்ளையார்பாளையம் கந்தனிடம் கொண்டுபோனேன். தறிகளின் ஜக்கார்டு பெட்டி பழுது பார்ப்பவர். சேலையில் பூ விழுவதற்கு இழைகளைத் தூக்கும் கொக்கிகள் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன. இவ்வளவு சின்னக் கொக்கியைத் தொட ஊரில் வேறு யாருக்குக் கை வரும்?

"இன்னா சார், டிவியா?"

கணினி, ஒரு கொக்கி என்றேன்.

"ஒண்ணுதானா? நம்ம பெட்டில நானூத்தி எண்பது இருக்குது. அத்தனையும் ஓடிக்கினு இருக்குது. உங்களுதுல இருக்கறதே ஒண்ணு, அதையும் காலி பண்ணிட்டீங்களே."

அடித்தகட்டைக் கழற்றிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். பிறகு ஊசி முனையால் காட்டினார்.

"பாருங்க சார். சத்தம் போடறது ஸ்பிரிங். தட்டைப் பிடிக்கிறது இந்த நாக்கு. ஸ்பிரிங் நல்லா இருக்குது. நாக்கு அடியோட போயிருக்குது. ஒடஞ்ச எடத்துல அழுக்கு ஏறிப்போயி கெடக்குது, எத்தினி வருஷமோ."

"தட்டைச் செருகுகிறவனுக்கு இது தெரியாதா?"

"எப்டி சார் தெரியும்? பட்டன் வந்து நிக்குது, சத்தம் வருது. நானே செருகியிருந்தாலும் பூட்டிக்கிச்சுன்னுதான் சொல்லியிருப்பேன்."

பொந்தின் விளிம்பில் இருந்த கீறலை விரலால் தடவினார். "பட்டனைத் தள்ளாம சாவி விட்டு நெம்பியிருக்காங்க. அப்பதான் போயிருக்கும். வீட்ல வாண்டுங்க யாருனா?"

வாண்டுகள் இல்லை என்றேன்.

21 ஆகஸ்ட்

ஸ்கூட்டர் சாவியை அந்தக் கீறலில் வைத்துப் பார்த்தேன். பொருந்துகிறது. 2014 மே மாதம் தட்டு சிக்கிக்கொண்டது. அவசரத்தில் நெம்பினேன். இன்று ஞாபகம் வருகிறது. அன்று வந்திருக்கக் கூடாதா?

பிளாஸ்டர் ஒட்டியது தட்டு தொலைந்த அன்று இரவே. அதன்பின் யாரும் அந்தப் பொந்தைத் தொடவில்லை. ஆகவே நாக்கு அதற்கு முன்பே உடைந்தது. என் கணினி, என் சாவி. இதற்கு இன்னொரு சாட்சி தேவையில்லை.

22 ஆகஸ்ட்

மழை. போன் அடித்தபோது எடுக்கவில்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

கனகமாலாவிடம் சொன்னேன். "அந்தப் பையோட ஜிப்பு அப்பவே மூடாதேங்க. நான் எத்தினி வாட்டி தெச்சித் தரேன்னு சொல்லியிருப்பேன்" என்றாள்.

அவள் குற்றம் சாட்டவில்லை. பையை நினைவுபடுத்தினாள், அவ்வளவுதான்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

விளக்கக் கடிதத்தின் நகல் கிடைத்தது. ஒன்றரைப் பக்கம். தேதி, நேரம், வண்டி எண், தூரம் எல்லாம் இருக்கின்றன. ஜிப் இல்லை.

மறந்ததா? இல்லை. எழுதும்போது ஜிப் நினைவுக்கு வந்தது. அதை எங்கே சேர்ப்பது என்று யோசித்ததும் நினைவிருக்கிறது. சேர்க்கவில்லை. கொக்கி எனக்குத் தெரியாமல் உடைந்தது. ஜிப் தெரிந்தே விட்டது.

இத்தனை வருடத்தில் என் செய்திக்கு ஒரு மறுப்பு வந்ததில்லை என்று எத்தனை மேடையில் சொன்னேன்!

28 ஆகஸ்ட், வியாழன்

சமணர்களான எங்களுக்குப் பத்து நாள் பருவம் தொடங்கியது. திருப்பருத்திக்குன்றம் கோயிலுக்குப் போனேன். முதல் நாள் பொறுமைக்கும் மன்னிப்புக்கும் உரியது. தூணோரம் உட்கார்ந்து கேட்டேன். பொழுது சாயும் முன் வீட்டுக்கு வந்து, ஒரு கிண்ணம் கஞ்சி வைத்துக் குடித்தேன். ஒருவருக்குச் சமைப்பதில் அளவு இன்னும் பிடிபடவில்லை.

30 ஆகஸ்ட்

கந்தன் வேலையை முடித்துவிட்டார். ஜக்கார்டு கொக்கிக் கம்பியைத் தட்டித் தேய்த்து நாக்கு செய்திருக்கிறார். "இனிமே சாவி போட்டீங்கன்னா சாவிதான் ஒடையும்."

7 செப்டம்பர், ஞாயிறு

நாளை மன்னிப்புக் கேட்கும் நாள். ஒவ்வொரு வருடமும் 'தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழை பொறுத்தருள்க' என்று வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்புவேன். பட்டியல் கனகமாலா போட்டுக் கொடுத்தது, 212 பேர். இன்று முதல்முறையாக அதை முழுதும் படித்தேன். 167வது பெயர்: ராஜன் தம்பி. ராமராஜனைக் கனகமாலா அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவருக்கும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வருடா வருடம்.

இந்த முறை யாருக்கும் அனுப்பவில்லை. ஒரு தாளில் திருத்தம் எழுதினேன். அன்று நடந்தது வரிசையாக, நாக்கு, சாவி, ஜிப், நான் கடிதத்தில் விட்டது, அதனால் அவர் வேலை போனது. ஒரு பக்கத்தில் முடிந்தது.

8 செப்டம்பர், திங்கள்

பத்து மணிக்கு ஸ்டூடியோ. ஓர் அம்மாள் பள்ளிக்கூடப் படத்துக்குப் பெண் குழந்தையைக் கூட்டி வந்திருந்தார். குழந்தை ஒவ்வொரு முறையும் கண்ணை மூடியது. "கண்ணத் தொறந்து வெச்சிக்கினு தூங்குமா, பாக்கலாம்" என்றார் ராமராஜன். குழந்தை சிரித்தது, படம் எடுத்துவிட்டார். தலை நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்தார்.

"வாங்க சார். பாஸ்போர்ட் சைஸா, விசா சைஸா?"

படத்துக்கு வரவில்லை என்று தாளைக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். இரண்டு முறை படித்தார்.

"வருஷா வருஷம் உங்க மெசேஜ் வரும். ரெண்டு கூப்பின கை, ஒரு தாமரை. எந்தப் பிழைன்னு போட்டிருக்காது. யாரு, எப்ப, எங்கன்னு இல்லாம செய்தியே கெடையாதுன்னு நீங்கதான் சார் சொல்லிக்குடுத்தீங்க."

"இதில் இருக்கிறது."

"இது எந்தப் பக்கத்துல வருது? ராசிபலன் கீழயா?"

பத்திரிகையில் வராது, அன்றைய செய்தி ஆசிரியருக்கு ஒரு நகல் தபாலில் போட்டுவிட்டேன் என்றேன்.

"அவரு ரிட்டையர்டு ஆயி எத்தினி வருஷமாவுது. அப்ப இத யாரு படிக்கிறது?"

"நீங்கள்."

தாளை மடித்துக் கல்லாப் பெட்டி மேல் வைத்தார். "வெச்சிட்டுப் போங்க சார். ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க."

வெளியே யாரும் இல்லை.

முன்பு அண்ணே என்பார். இன்று மூன்று முறை சார்.

9 செப்டம்பர்

ஒன்றுமில்லை.

12 செப்டம்பர், வெள்ளி

செய்தி ஆசிரியர் போன் செய்தார். "பழைய கதையை எதுக்கு சார் கிளறிக்கிட்டு? விடுங்க." விட்டிருந்தேனே, பதினோரு வருடம்.

நூலகத்துக்குச் சுற்று வழியிலேயே போனேன். பதின்மூன்று நிமிடம்.

15 செப்டம்பர், திங்கள்

வாசல் கேட்டில் பேப்பர் போடும் குழாயில், பேப்பரோடு என் தாளும் இருந்தது. சிவப்பு மையில் திருத்தியிருக்கிறார், நான் அவர் படவிளக்கங்களைத் திருத்துவது போலவே. 'அய்யம்பேட்டையில் டீ' அடிக்கப்பட்டு 'முத்தியால்பேட்டை' ஆகியிருக்கிறது. 640 படங்கள் 643. 'இருவரும் தேடினோம்' என்ற வரியின் கீழ் இரண்டு கோடு. ஓரத்தில்: 'நீங்கள் அன்று பொழுது சாயும் வரை. நான் ஆறு நாள்.'

எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அந்த ஆறு நாளில் ஏதோ ஒரு நாள்தான் நான் கடிதத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

தாளின் அடியில்: 'மற்றதெல்லாம் சரி. ரா.'

16 செப்டம்பர்

மூன்று திருத்தங்களையும் சேர்த்து நல்ல பிரதி எழுதினேன். செய்தி ஆசிரியருக்கு மறுபடி ஒன்று. விடச் சொன்னவர்தான். இருந்தாலும் தவறான ஊர்ப் பெயரோடு அவரிடம் இருக்க வேண்டாம்.

18 செப்டம்பர், வியாழன்

நல்ல பிரதியோடு கணினியையும் எடுத்துப் போனேன். ராமராஜன் தாளை வாங்கிப் படிக்காமல் மேசை இழுப்பறையில் வைத்தார். கணினியைத் திருப்பிப் பார்த்தார். தட்டை உருவி, மறுபடி செருகினார். சத்தம் கேட்டது. அவர் நம்பவில்லை. தலைகீழாகப் பிடித்து, கீழே இடது கையை விரித்து வைத்துக்கொண்டு, இரண்டு முறை உதறினார். விழவில்லை.

"யாரு செஞ்சது?"

கந்தன் என்றேன்.

"ம்" என்றார். பிறகு எதிர் டீக்கடையைப் பார்த்து இரண்டு விரல் காட்டினார்.

நூலகத்துக்கு நேர்வழி எட்டு நிமிடம். இன்று ஐம்பது ஆயிற்று.