செத்தவள் பொருத்திய அடுப்பு

முன்னாள் கணவருக்கு,

இவ்விடம் நான் நலம். நலம் என்பதைவிட, உயிரோடு இருக்கிறேன் என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும். 'அன்புள்ள' என்று தொடங்கப் பார்த்தேன், கை வரவில்லை. 'நீங்கள்' என்று எழுதுவதும் பழக்கதோஷம்தான். மரியாதை என்று நினைத்துக் குளிர்ந்துவிடாதீர்கள். வீட்டுக்கு எழுதினால் உங்கள் மனைவி பிரித்துவிடுவாள் என்று நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கே அனுப்புகிறேன். அந்த அளவுக்குக் கருணை இன்னும் மிச்சம் இருக்கிறது. அதுவும் வியாழக்கிழமை வரைக்கும்தான்.

நீங்கள் போன பிறகு நான் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அத்தானுக்கு ஒரு பட்டறை இருப்பது உங்களுக்குத் தெரியும், அதில் என்ன வேலை நடக்கிறது என்று ஒருநாளும் நீங்கள் கேட்டதில்லை. வெறும் வேனைக் கொண்டுவந்து விட்டால், படுக்கை, அடுப்படி எல்லாம் வைத்து, ஊர் சுற்றுகிறவர்கள் தங்கிக்கொள்ளும்படி செய்து கொடுப்பார். முதலில் மரத்தூள் கூட்டினேன். பிறகு ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தேன். இப்போது அடுப்படி வேலை முழுக்க என் பொறுப்பு. பட்டறையில் எல்லாருக்கும் நான் 'அக்கா'தான், பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

போன மாதம் ஒரு பெண் சாம்பல் நிற வேனை ஓட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரர் வெளியூரில் வேலை, அவர் திரும்புவதற்குள் கேஸ் அடுப்பும் அலமாரிகளும் வைத்துவிட வேண்டும் என்றாள். நான் எல்லாரிடமும் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டேன்: யார் சமைப்பீர்கள்? சமைக்கிறவருடைய முழங்கையைப் பார்த்துத்தான் மேடையின் உயரம் வைப்போம். அவள் சிரித்துக்கொண்டே, "அவர்தாங்க்கா. சமையல்னா அவருக்கு உயிரு. எனக்குச் சுடுதண்ணி வைக்கக்கூட வராது" என்றாள். கொடுத்து வைத்தவள் என்று நினைத்துக்கொண்டேன். பொறாமையாகக்கூட இருந்தது.

அவர் எவ்வளவு உயரம் என்று கேட்டேன். கைப்பேசியை எடுத்துப் படத்தைக் காட்டினாள். நீல முழுக்கைச் சட்டையில் நீங்கள். அந்தச் சட்டை நான் எடுத்துக் கொடுத்தது.

அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். பாவமாம் நீங்கள். முதல் மனைவி அடுப்படிப் பக்கமே உங்களை அண்ட விடமாட்டாளாம், ஆசையாக ஒரு குழம்பு வைக்கக்கூட விடவில்லையாம். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க, நாம எதுக்குக் குறை சொல்லணும்" என்றாள்.

என்ன நோய் என்று கேட்டேன். காய்ச்சல் என்றாள். மூன்றே நாளில் முடிந்துவிட்டதாம்.

ஏங்க, கொல்வதுதான் கொன்றீர்கள், கொஞ்சம் பெரிய நோயாகப் பார்த்துக் கொடுத்திருக்கக் கூடாதா? அந்தக் காய்ச்சல் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தேன். தலைமாட்டில் வந்து நின்று, "அப்போ இன்னிக்குச் சாப்பாடு?" என்று கேட்டீர்கள். நான் எழுந்து போய் உலை வைத்தேன். அன்றைக்கு என்னைக் கொல்ல விட்டுப்போனது பிறகு ஞாபகம் வந்திருக்கும் போலிருக்கிறது.

நான் செத்த கதையைச் சொல்லும்போது அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்காக அழுத ஒரே ஆள் அவள்தான்.

வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது, மறைக்கவில்லை. கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தரையாகக் கிடக்கும். அது வெளியேறட்டும் என்றுதான் சிலிண்டர் பெட்டியின் அடியில் துளை போடுகிறோம். அந்தத் துளையில் ஒரு மரத்துண்டைச் செருகினால் போதும், குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினால் போதும். அடுப்பைப் பொருத்திய அன்று ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு வேனின் தரையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அத்தான் வந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா, வேலை முடியலையா?" என்றார். இதோ முடிந்தது என்று சொல்லி நட்டை இறுக்கினேன். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. மனசு கேட்காமல் மறுபடியும் தடவிப் பார்த்தேன்.

அதனால் பழி வாங்காமல் விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சமையல் என்றால் உயிர் என்று நீங்கள் சொன்ன பொய்யைப் பிளைவுட்டில் அறுத்து, பசை போட்டு ஒட்டி, ஸ்க்ரூ வைத்து முறுக்கியிருக்கிறேன். மேடை உங்கள் முழங்கைக்குச் சரியாக இருக்கும். அவள் குள்ளம், நின்று பார்த்தபோது மேடை நெஞ்சு வரை வந்தது. அவள் நினைத்தாலும் சமைக்க முடியாது. இரண்டு பர்னர் போதும் என்றாள், நான்தான் மூன்று வைக்கச் சொன்னேன், ஆசையாகச் சமைக்கிற மனிதருக்குக் கைகட்டிப் போட்டது போல் இருக்கக் கூடாது இல்லையா? அவளுடைய இருக்கையை அடுப்புக்கு நேர் எதிரே போட்டிருக்கிறேன். அவளுக்குச் சுடச்சுடச் சாப்பிட்டால்தான் உள்ளே இறங்குமாம். வாசலும் அடுப்புப் பக்கம்தான், அதைத் தாண்டாமல் நீங்கள் வெளியே ஓட முடியாது. வெங்காயம் வைக்க ஆழமான இழுப்பறை ஒன்று தனியாகச் செய்திருக்கிறேன். நறுக்கி நறுக்கி அழுங்கள்.

வியாழக்கிழமை காலையில் வண்டி தயார். எங்கள் பட்டறையில் ஒரு கண்டிப்பு உண்டு. யார் சமைக்கப் போகிறாரோ அவர் நேரில் வந்து, பொருத்தியவர் முன்னால் அடுப்பைப் பற்றவைத்து, அணைத்து, சிலிண்டரை மூடிக் காட்டினால்தான் சாவி கொடுப்போம். அவளிடம் சொன்னேன். கண்டிப்பாக அவரை வரச் சொல்கிறேன் என்று துள்ளிக்கொண்டு போனாள். தட்டிக் கழிக்கப் பார்க்காதீர்கள், சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.

அதற்குள் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் விஷயம் உங்கள் வாயாலேயே முடிந்துவிடும். இல்லையென்றாலும் எனக்குச் சம்மதம்தான். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். செத்தவள் எதிரே நின்று தீப்பெட்டியை நீட்டும்போது நீங்கள் எத்தனை குச்சி வீணாக்குகிறீர்கள் என்று அவளே எண்ணிக்கொள்ளட்டும்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படுக்கும் முன் சிலிண்டரை மூடுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். உங்களுக்கு மறதி அதிகம், அவளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். ஒருத்தியைச் சாகடிக்க உங்களுக்கு ஒரு வாய் வார்த்தை போதுமாயிருந்தது. எனக்குக் கையில் ஸ்பேனர் இருந்தும் முடியவில்லை.

நூறு வயது நன்றாக இருங்கள், மூன்று வேளையும் சமைத்துக்கொண்டு.

இப்படிக்கு,
காய்ச்சலில் போனவள்