மாத்திரைக்கு முன்பா, பின்பா

நிலவின் தென்துருவச் சுரங்க நிலையம்
மருத்துவர் மெஹ்ருன்னிசாவின் பதிவு

நாள் 1, 09:10
காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. இங்கே இருப்பது நாங்கள் இருவர்தான். துளைப்பு எந்திரம் ஓட்டும் சேவியர் சரியில்லை. சுவருக்குள்ளிருந்து ஒருவன் தன்னைத் திட்டுகிறானாம். இரட்டை ஷிப்டு பார்க்க, மூன்று மாதமாகத் தூக்கத்தை விரட்டும் மாத்திரை விழுங்கியிருக்கிறார். வாங்கி வைத்துக்கொண்டேன்.

நாள் 2, 11:30
பூமியிலிருந்து: "மாத்திரையால் வந்ததா, தனி மனநோயா? ஒரே சொல்லில் பதில் வேண்டும். மனநோய் என்றால் பன்னிரண்டாம் நாள் கப்பலில் இடம் உண்டு. மாத்திரை என்றால் ஒழுங்கு நடவடிக்கை."
என் பதில்: "அறிகுறி இரண்டுக்கும் ஒன்றுதான். மாத்திரையை நிறுத்தி ஒரு மாதமாவது பார்க்க வேண்டும். எதுவானாலும் அவர் நோயாளி. குடும்பத்தாரிடம் பழைய விவரம் கேட்டு அனுப்புங்கள்."

நாள் 9, 10:05
சிறுநீரில் மாத்திரையின் தடயம் இல்லை. தூங்குகிறார். குரல் குறைந்திருக்கிறது. மாத்திரையை விட்டதாலா, தூங்கியதாலா? தெரியவில்லை.
பூமியிலிருந்து: "குறைகிறதல்லவா? அப்படியானால் மாத்திரைதான்."

நாள் 12, 16:40
கப்பல் வந்தது. தாதுவை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது; சேவியருக்கு இடம் தரவில்லை. வானொலியில் தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டரை நொடி கழித்து, "செய்தி கிடைத்தது" என்றார்கள்.

நாள் 33, 08:20
முப்பத்திரண்டு நாளாக ஒரு மாத்திரைகூட இல்லை. குரல் முழுசாகத் திரும்பிவிட்டது.
"டாக்டரம்மா, இப்ப ஒங்க பேரையும் சொல்லுதும்மா" என்றார்.

நாள் 34, 13:15
சேவியரின் மனைவி ரோசலினின் ஒலிப்பதிவு இன்றுதான் வந்தது. பேசிய தேதி, நாள் 4. முப்பது நாள் எவன் மேசையில் கிடந்ததோ!
"கல்யாணமான புதுசுலயே அந்தச் சத்தம் கேக்குதுன்னு சொல்லுவாரு டாக்டர். கண்ண மூடுனா ஜாஸ்தியாம். அதுக்குப் பயந்தே முழிச்சிக் கெடப்பாரு. வேல போயிரும்னு யார்ட்டயும் சொல்லல."
ஷிப்டுக்காக அல்ல. தூங்கப் பயந்துதான் விழுங்கியிருக்கிறார். எப்போது ஆரம்பித்தீர்கள் என்று முப்பது தடவை கேட்டிருப்பேன். எதற்காக என்று ஒரு தடவைகூடத் துருவிக் கேட்கவில்லை. பூமியில் இருப்பவர்களைப் போல நானும்தான்.
அனைத்தையும் பூமிக்கு அனுப்பினேன்.
பூமியிலிருந்து: "கோப்பு மூடப்பட்டது. அடுத்த கப்பல் நாள் 140."

நாள் 35, 09:00
குரலை அடக்கும் மருந்தைத் தொடங்கிவிட்டேன். பெட்டியில் பதினோரு நாளைக்குத்தான் இருக்கிறது.
"கப்பல் வர்ற வரைக்கும் இது காணுமாம்மா?" என்று கேட்டார்.
போதும் என்றேன்.
சேவியர் சுவரில் காதை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.
"இல்லன்னு சொல்லுதும்மா."