அண்ணனின் பதினேழு எம்.எம்.

அண்ணே,

நாம் சொல்லிவைத்திருந்த ஃபுல் ஃபிரேம் கேமரா வந்துவிட்டது. மதுரைக் கடையிலிருந்து பார்சலில் அனுப்பியிருந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் புது ரப்பர் வாசனை ஸ்டுடியோ முழுக்கப் பரவியது. பழைய கேமரா வாங்கிய அன்று நீ பெட்டிக்குள் மூக்கை விட்டுக்கொண்டு, "இந்த வாசத்துக்கே பாதிக் காசு குடுக்கலாம், பாப்பா" என்றாய். நானும் குனிந்து மோந்து பார்த்தேன். ரப்பர் வாசனைதான். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

லென்ஸ் இல்லாமல் கேமரா மட்டும் வந்திருக்கிறது. லென்ஸ் மாட்டும் இடத்தைக் கறுப்பு மூடி போட்டு அடைத்திருக்கிறார்கள். என்ன லென்ஸ் வாங்குவது என்று நாம்தான் முடிவே செய்யவில்லையே. சண்டை பாதியில் நின்றபோது நீ போய்விட்டாய். செம்பட்டிக் கல்யாணத்தை ஒப்புக்கொண்டதும் நீதான். அடுத்த முகூர்த்தத்தில் அது வருகிறது. அதற்குள் ஒரு லென்ஸ் வாங்கி, அதை வைத்துத் தாலி கட்டுவதை நான் ஒருத்தியாக எடுக்க வேண்டும்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, அண்ணே. சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று அண்ணி போன் செய்தபோதும் வரவில்லை. துக்கத்துக்கு வந்த கூட்டம் கலைந்த பிறகும் வரவில்லை. "வந்துரும்மா, வந்துரும்" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள், தாமதமாகிவிட்ட பஸ்ஸைச் சொல்வதுபோல. நானும் தலையாட்டிவிட்டு ஸ்டுடியோவுக்கு வந்து, பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வருகிறவர்களைத் தாடையைத் தூக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் உன் பழைய ஜூமையே புதிதில் மாட்டிப் பார்த்தேன். பதினேழு எம்.எம்.மிலிருந்து ஐம்பது வரை போகுமே, அதுதான். சின்ன சென்சாருக்குச் செய்த லென்ஸ் ஃபுல் ஃபிரேமின் பெரிய சென்சாரை நிரப்பாது என்று நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். இருந்தாலும் மாட்டினேன். நாலு மூலையும் கறுத்து, கிணற்றுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்ப்பதுபோல் இருந்தது நம் ஸ்டுடியோ. கழற்றி வைத்துவிட்டேன்.

அந்தச் சண்டை சேவுகம்பட்டிக் கல்யாணம் முடிந்து பைக்கில் திரும்பும்போது தொடங்கியது. கேமராப் பை உன் முன்னால், ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால். உனக்கு ஒரு முப்பத்தைந்து, எனக்கு ஒரு எண்பத்தைந்து, ஜூம் ஆகாத பிரைம் லென்ஸ் ஆளுக்கொன்று வாங்கிவிடலாம் என்றேன். மண்டபங்களின் மங்கல் வெளிச்சத்துக்கு அதுதான் சரி, எடையும் குறைவு. மங்கல் வெளிச்சத்தைப் புதுக் கேமராவே பார்த்துக்கொள்ளும், ஜூம் ஒன்றே போதும் என்றாய் நீ.

"ஜூம் வாங்குனா சோம்பேறி ஆயிருவண்ணே."

"சோம்பேறியா இருக்கத்தானே இம்புட்டு செலவு பண்றோம்? ஜூம் சோறு மாதிரி. சோறு இருந்தா வெஞ்சனத்தப் பின்னாடி பாத்துக்கலாம்."

"நீ எங்கிட்டு நின்னாலும் நான் ஒருத்தி எதுத்தாப்புல இருக்கேன்ல, அப்புறம் எதுக்கு ஜூம்?"

லாரி ஒன்று குறுக்கே வந்ததால் ஹாரன் அடித்தாய். வீடு வந்தது. அப்புறம் அந்தப் பேச்சை எடுக்க நேரம் வாய்க்கவில்லை.

நாம் வேலை பார்த்த முறை அப்படி. கெட்டிமேளம் கொட்டும்போது நீ மேடையில் ஐயர் பக்கம், நான் எதிர்ப்பக்கம். உன் படத்தில் தாலியும் கையும் முடிச்சும், என் ஐம்பது எம்.எம்.மில் பெண்ணின் முகம். மாப்பிள்ளையின் முழங்கை உனக்கு மறைத்தால் எனக்கு மறைக்காது. எல்லோரும் எழுந்து அட்சதை போடுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட மாட்டோம். வீட்டுக்கு வந்து இரண்டு மெமரி கார்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கல்யாணம் முழுசாகும்.

உன் கல்யாணத்துக்கும் வெளியாளைக் கூப்பிட மாட்டேன் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். தங்கச்சி இருக்கையில் இன்னொருவன் எதற்கு என்று எல்லோரிடமும் பெருமை வேறு. நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவளும் அதே தங்கச்சிதான் என்பது நம் இருவருக்கும் உறைக்கவேயில்லை. மேளம் கொட்டுகிறது, நீ முதல் முடிச்சைப் போட்டுவிட்டுத் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய், நான் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அண்ணியின் முகத்தை எடுத்துக்கொண்டே இருக்கிறேன். "ஏ பாப்பா, கேமராவ வச்சுட்டு முடிச்சப் போடு, ஐயர் மொறைக்கிறாரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய். கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே வந்து போட்டேன். மற்ற இரண்டு முடிச்சுக்கும் படம் கிடையாது. அண்ணி அதைச் சொல்லிக்காட்டாத கல்யாண நாளே இல்லை.

இதுவரை எழுதி மூடி வைத்திருந்தேன், மறுபடி எடுக்க இத்தனை நாளாகிவிட்டது, அண்ணே. கேமரா வந்த மறுவாரம் மதுரைக் கடைக்காரர் போன் செய்தார். உன் விஷயம் அவருக்குத் தெரியும். லென்ஸ் என்ன அனுப்பட்டும் என்று கேட்டார்.

"ஒருத்தர் மட்டும் எடுக்கிறதுன்னா ஜூம்தாங்க மேடம் சரி. ரெண்டு பேருன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"அண்ணன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேங்க" என்றேன்.

அவரும் பழக்கத்தில் "சரிங்க மேடம்" என்றுவிட்டார். இருவருக்கும் போனை வைக்கத் தெரியவில்லை. கடைசியில் அவர்தான் மெதுவாக, "பழைய படங்களத் தொறந்து, எத்தன எம்.எம்.ல அதிகமா எடுத்திருக்குன்னு பாருங்க. எந்த லென்ஸ் வேணும்னு அதுவே சொல்லிரும்" என்றார்.

நல்ல யோசனை. பிரைம்தான் என்று அந்தப் படங்கள் சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். ஜூமை வாங்குவது எதிரே யாரும் இல்லை என்று கையெழுத்துப் போடுவதுபோல் இருந்தது எனக்கு.

உன் படங்களைத் திறந்தேன். தாலி கட்டும் நேரத்தில் நீ எடுத்தது ஏறக்குறைய எல்லாமே பதினேழு. லென்ஸை அதன் கடைசி அகலம் வரை திறந்து வைத்திருக்கிறாய். இதற்காக உன்னை எத்தனை நாள் திட்டியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? தாலி இருக்கிற இடத்தை விட்டுவிட்டு மாமன் மச்சான் செல்போனை எல்லாம் எதற்கு எடுக்கிறாய் என்பேன். "இருக்கட்டும் பாப்பா. எதுத்தாப்புல யாரு எங்க நிக்கிறான்னு தெரியணும்ல" என்பாய். வீடியோக்காரரைச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன்.

வீடியோக்காரர் இல்லை, அண்ணே. ஒவ்வொரு படத்திலும் வலது ஓரத்தில் நான் நிற்கிறேன். முகம் தெரியாது, கேமராதான் முகத்தை மறைத்திருக்கிறது. நான் குனிந்த படத்தில், கோணத்தைப் பார்த்தால், நீ ஒரு பக்கம் ஒதுங்கி நின்று எடுத்திருக்கிறாய். நான் முன்னால் வந்த படத்தில் நீ பின்னால் போயிருக்கிறாய். பெண்ணின் முகத்தை எனக்கு மறைத்துவிடக் கூடாது என்று, தாலியை எடுத்துக்கொண்டே என்னையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். என் படங்களையும் திறந்தேன். ஐம்பதில் எடுத்தவை, எல்லாம் பெண்களின் முகங்கள். ஒன்றிலாவது உன் சட்டைக் கை வந்திருக்காதா என்று தேடினேன். ஒன்றில்கூட இல்லை. அப்போது கொஞ்சம் வலித்தது. அதுவும் உடனே மரத்துவிட்டது.

மறுநாள் கடைக்காரருக்குப் போன் செய்து ஜூமையே அனுப்பச் சொன்னேன். இருபத்து நான்கிலிருந்து எழுபது. பழையதில் நீ பதினேழில் பார்த்த அகலம் புதிதில் ஏறக்குறைய இருபத்தைந்தில் வந்துவிடும். செம்பட்டிக்குக் கிளம்பும்போது என் ஐம்பதை என் பழைய கேமராவிலேயே மாட்டித் தோளில் போட்டுக்கொண்டேன். நீ கேட்டதுதான் நடந்தது, சந்தோஷமா என்று வாய்விட்டுக் கேட்டேன். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

செம்பட்டியில் உன் இடத்தில், ஐயர் பக்கம் நின்றேன். முன்னூறு பேர் கொள்ளும் மண்டபம், சீரியல் லைட் மேடையெல்லாம் மஞ்சளாக அடித்தது. புதுக் கேமரா அதையெல்லாம் சட்டை செய்யவில்லை, நீ சொன்னபடியே. கெட்டிமேளம் கொட்டியதும் கை தானாகவே லென்ஸை இருபத்து நான்குக்குத் திருப்பியது. தாலி வந்தது, மூன்று முடிச்சும் வந்தன. பெண்ணின் முகத்தை மாப்பிள்ளையின் முழங்கை மறைத்துவிட்டது. அந்தப் பக்கத்துப் படம் யாரிடமும் இல்லை. பெண் வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. முகம் தெரிகிற படங்கள் வேறு நிறைய இருக்கின்றன அல்லவா.

ஆல்பத்துக்காகப் பேகம்பூர் பாயிடம் போனேன். நமக்கு இத்தனை வருஷமாக டிசைன் செய்கிறவர், ஒவ்வொரு படமாகப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஏம்மா, எல்லாப் படத்துலயும் வலது பக்கம் இம்புட்டு எடம் சும்மா கெடக்கே? வாழைமரமும் சேரும்தான் தெரியுது. அண்ணன் படம்னா அந்த எடத்துல உன்னையத்தான் வெட்டி எடுப்பேன், இதுல..."

மௌஸை அந்தக் காலி இடத்தின் ஓரத்துக்கு நகர்த்தினார்.

"வெட்டிரவாம்மா?"

"வெட்டிருங்க பாய்."

போன வாரம் ஆத்தூரில் ஒரு கல்யாணம் எடுத்தேன், அண்ணே. மேளம் கொட்டியபோது வலது பக்கம் ஓர் ஆள் கேமராவோடு நிற்கிற அளவு இடம் விட்டுத்தான் எடுத்தேன். பாய் அதை வெட்டிவிடுவார் என்று தெரியும்.