மூட்டாத சாரம்

என் அருமை மச்சாள் பூரணம்,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. நெசவு நிலையத்துப் பெண்கள் உனக்கென்று ஒரு சின்ன நினைவு மலர் அடிக்கிறார்கள். "பக்கத்துத் தறிக்காரி நீங்கள்தான் எழுத வேண்டும்" என்று நிலையத்தை நடத்தும் மிஸ் தாளைத் தந்துவிட்டுப் போனார். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. நீ சிரிக்காதே.

ஆண்கள் இடுப்பில் கட்டும் சாரத்துக்கு நாம் நெய்த துணியில் இப்போது சட்டையும் ஜாக்கெட்டும் தைக்கிறார்கள். கொழும்பில் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் படத்தை மிஸ் போனில் காட்டினார். உன் பச்சைக் கரைத் துணியும் அதில் இருந்தது. நீ இருந்திருந்தால், "பாருங்க மச்சாள், இடுப்புல கட்டுறதத் தோளில போட்டிருக்காளுகள்" என்றிருப்பாய். நான் தனியே சிரித்தேன்.

சண்டைக்குள் ஆளை இழந்த பெண்களுக்கென்று இந்த நிலையத்தைத் தொடங்கிய நாள் நினைவிருக்கிறதா? பெயர் பதியும்போது நீ மிஸ்ஸைப் பிடித்துக்கொண்டாய். "நான் இழந்தவள் இல்ல, காத்திருக்கிறவள். அப்படி எழுதுங்க." அவரும் அப்படியே எழுதினார்.

வயலுக்குத் தண்ணீர் பார்க்க வட்டை வெளிக்குப் போன மனிதன். உனக்குப் புருஷன், எனக்குத் தம்பி. வாவிக்கு அந்தப் பக்கம் அவன் சைக்கிள் மட்டும் கிடைத்தது. நீ ஒவ்வொரு சித்திரைக்கும் தறியில் ஏற்றிய பாவு நூலின் கடைசியில் அவனுக்கென்று ஒரு சாரம் நெய்து, இரண்டு தலைப்புகளையும் சேர்த்துத் தைத்து மூட்டாமல் பெட்டியில் வைத்தாய்.

"மூட்டி வையன்கா" என்று ஒருநாள் கேட்டேன்.

"போகக்குள்ள இருந்த இடுப்பு இப்ப இருக்குமா மச்சாள்? மெலிஞ்சி வருவாரோ, தொந்தி வண்டி வச்சி வருவாரோ. வந்தாச் சுத்திப் பாத்துத்தான் மூட்டுவன்."

நான்தான் முதலில் கைவிட்டவள். தம்பிக்கு மரணப் பத்திரம் எடுத்துவிடுவோம் என்று உன்னிடம் சொன்னேன். அதன்பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க, பக்கத்துப் பக்கத்துத் தறியில் இருந்தும், நீ என்னோடு பேசவில்லை. பிறகு நீயாகவே ஒரு கோப்பைத் தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தினாய். அந்தப் பேச்சை மட்டும் நாம் மறுபடி எடுக்கவேயில்லை. எடுத்திருக்கலாமோ?

நீ போனபோது உன் தறியில் கடைசிச் சாரம் பாதியில் நின்றது. வேறு பாவு ஏற்ற வேண்டும், அறுத்து எடுக்கட்டுமா என்று மிஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நான் முடிச்சித் தாறன்" என்றேன். தறியில் உன் அடி இறுக்கம், என்னுடையது இளக்கம். கை மாறிய இடம் தடவினாலே தெரிகிறது. நெய்து இறக்கி, மடித்து மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். பிழை அங்கேதான்.

திரும்பி வந்தால், தையல் பகுதியில் வேலை செய்யும் என் பேத்தி நிலா, கடைக்குப் போகும் சாரங்களோடு அதையும் மூட்டியிருந்தாள்.

"பாருங்க அம்மம்மா, தைச்ச இடமே தெரியாது."

உண்மைதான். அத்தனை நேர்த்தி. வேறு துணியென்றால் ஊரெல்லாம் காட்டியிருப்பேன். யாருடைய சாரம் என்று சொன்னதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. மெல்லக் கேட்டாள்: "பூரணம் அம்மம்மாவும் இல்ல. இனி ஆரு அம்மம்மா காத்திருக்கிற?"

சாரத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், பூரணம்.

இரண்டு நாள் அந்தச் சாரம் என் மடியிலும் கொடியிலுமாகக் கிடந்தது. மூட்டியது மூட்டியதாகவே இருக்கட்டும், யாராவது ஏழைக்குக் கொடுத்துவிடுவோம் என்றுகூட நினைத்தேன். போகுமுன் பெட்டிப் பூட்டின் திறப்பை என் கையில் வைத்து நீ விரல்களை மடக்கிவிட்டாயே. என்னைப் போல் கைவிட்டவளிடம் ஏன் தந்தாய்?

மூன்றாம் நாள் காலை பிளேடை எடுத்தேன். நிலா எதிரே உட்கார்ந்து மற்ற நுனியைப் பிடித்தாள். அவள் தையல் அவ்வளவு நெருக்கம், பிரிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. ஊசித் துளைகள் வரிசையாக இன்னும் தெரிகின்றன. மன்னித்துக்கொள். பெட்டியில் உன் சாரங்களுக்கு மேலே அதை விரித்து வைத்துப் பூட்டினேன்.

நிலாவுக்கு என் பதில் அதுதான்.

வருகிற சித்திரைக்கும் பாவின் கடைசி இரண்டு யார் நீளத்தை மிஸ்ஸிடம் கேட்டு வைத்திருக்கிறேன். கண் தெரியும்வரை ஆண்டுக்கு ஒன்று நெய்வேன், மூட்ட மாட்டேன். அவன் வந்தால், எங்கேடா போனாய் என்று முதலில் உனக்கும் சேர்த்து ஏசுவேன். பிறகு நிற்க வைத்து, இடுப்பைச் சுற்றிப் பார்த்து, ஊசியை எடுப்பேன்.

வலப்பக்கத் தறியில் இருக்கும்,
உன் மச்சாள்,
அவனுக்கு அக்கா.