மேடத்தின் குட்டிகள்

அக்கா,

மேடத்துக்கு விரித்துப் போட்டிருந்த உங்கள் பச்சைக் கட்டம் போட்ட சேலையை இன்று காலை மறுபடியும் துவைத்தேன். வெந்நீர், சோப்புத்தூள், வெயில் எல்லாம் காட்டியாகிவிட்டது. பால் வாடை மட்டும் போகவில்லை. முன்பெல்லாம் அதில் பவுடரும் வெற்றிலையும் கலந்த உங்கள் வாசனை இருக்கும். இப்போது முகத்தில் வைத்துப் பார்த்தால் குட்டிகளின் வாடைதான். கொடியில் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நடந்ததை எல்லாம் யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல இருந்தது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

மேடம் குட்டி போட்டது உங்களுக்குத் தெரியாது. உங்களை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று நம் வீட்டு கேட் திறந்தே கிடந்தது. மறுநாளும் அப்படித்தான். பொன்முடி தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து உங்கள் ஆட்கள் வேன் பிடித்து வந்தார்கள். நம் ஜவுளிக்கடைப் பெண்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்து அழுதுவிட்டுப் போனார்கள். அந்த அமளியில் நாய் எங்கே போயிற்று, எது உள்ளே வந்தது என்று யார் பார்த்தது? பிறகு அவள் வயிறு தொங்க ஆரம்பித்தபோதுகூட, துக்கத்தில் நான்தான் சோற்றை அள்ளி அள்ளி வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நல்ல மழை பெய்த ஒரு காலையில், பின்பக்கத்துச் சாய்ப்பில் ஐந்து குட்டிகள். சாயங்காலம் என் வீட்டுக்காரர் டைல்ஸ் வேலை முடிந்து சிமென்ட் கையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"அஞ்சாட்டி?"

"அஞ்சு."

"பொட்டை எத்தனை?"

"மூணு."

அவர் கை கழுவப் போய்விட்டார். பொட்டைக் குட்டியை இந்த ஊரில் யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வீட்டு ஓனர் சார் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். உங்கள் போர்ஷனுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் கூட்டிவந்தவர், சாய்ப்பைப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். "செல்வி, புதிய வாடகக்காரு வரும். அதினு முன்ப இதொக்கெ மாற்றணும். தள்ள நின்னோட்டே, குட்டிகள் வேண்டா." புதுக் குடித்தனம் வருமுன் எல்லாம் மாற வேண்டும், தாய் இருக்கட்டும், குட்டிகள் ஆகாது. அதோடு விட்டிருக்கலாம். உபகாரமாக ஒரு யோசனையும் சொன்னார். ஒரு சாக்கில் கட்டி மார்க்கெட்டில் விட்டால் போதுமாம். மீன் கிடைக்குமாம், பிழைத்துக்கொள்ளுமாம்.

எப்படிப் பிழைக்கும் என்று நாம் பார்த்திருக்கிறோமே அக்கா. கடைக்கு நடந்து போகிற வழியில், லாரி நிற்கிற இடத்தில், மீன் பெட்டிக்குள் கிடந்து கத்துமே. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவீர்கள். அன்று முழுக்க சாப்பிட மாட்டீர்கள். பிழைத்தாலும்தான் என்ன? தெருநாய் என்றாலே ஊர் கொதித்துக் கிடக்கிற நேரம் இது. நாளைக்கு அதுவே ஒரு பிள்ளையைக் கடித்தால்? கருணை என்று சொல்லிக்கொண்டு சாக்கைத் திறந்துவிடுவதும் ஒரு குற்றம்தான் என்று எனக்குப் பட்டது.

மிருக ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனேன். பால்குடி மறக்கும் முன் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது என்றார். பூச்சி மருந்து கொடுக்க வேண்டும், ஊசி போட வேண்டும். பால் வற்றியதும் மேடத்துக்கு ஆபரேஷன். பொட்டை வேண்டாம் என்கிறவர்களிடம், வளர்ந்ததும் ஆபரேஷன் செய்துவிடலாம், நானே கூட வருகிறேன் என்று சொல்லச் சொன்னார். எல்லாம் சரி. ஆனால் குட்டிகள் தாயிடம் இருக்க வேண்டிய நாளும், ஓனர் சார் சொன்ன நாளும் இடித்துக்கொண்டு நின்றன. ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நீங்களே சொல்லிக்கொண்டுதான் இருந்தீர்கள். அதற்குள் உங்கள் உடம்பு முந்திக்கொண்டது.

இனி நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் போடலாம் என்று தோன்றியது. நம் தெருவுக்கு ஒரு குழு, கடைப் பெண்களுக்கு ஒரு குழு. எனக்கு மலையாளம் பேச வருமே தவிர எழுத்து தடவல்தான். ஃபோனிடம் பேசினால் அதுவே எழுதும். முதலில் "பட்டிக்குட்டி" என்றுதான் பேசினேன். பேசியதும் உங்கள் முகம் வந்து நின்றது. மலையாளத்தில் நாய்க்குப் பட்டி என்பதே பெயர். ஆனால் ஆளைத் திட்டவும் அதே வார்த்தைதானே. அதனால் யாராவது மேடத்தைப் பட்டி என்றால் உங்களுக்குப் பொறுக்காது. "பேரு இருக்குல்ல? பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வாய் வெந்துருமா?" என்பீர்கள். கழுத்தைத் தூக்கிக்கொண்டு, நம் கடை மேனேஜர் அம்மா மாதிரி யாரையும் பார்க்காமல் அவள் வாசலில் வந்து நின்ற அன்றே "வாங்க மேடம்" என்று பெயர் வைத்தவர் நீங்கள். அதனால் அந்தப் பட்டியை எடுத்துவிட்டேன்.

ஃபோன் இப்படி எழுதிக்கொண்டது: மேடத்தின்றெ அஞ்சு குட்டிகள். ரெண்டு ஆணு, மூணு பெண்ணு. வாடக வீடாணு, எல்லாரையும் வளர்த்தான் பற்றில்ல. நல்ல வீட்டுகாருக்கு வெறுதே கொடுக்கும். வாடகை வீடு, எல்லாரையும் வளர்க்க முடியாது, நல்ல வீட்டுக்காரர்களுக்குச் சும்மா கொடுக்கிறேன் என்று.

மலையாளத்தில் குட்டி என்றால் மனிதப் பிள்ளை. எனக்குத் தெரியாததா? "குட்டிகள்க்குள்ள உடுப்பு மேலே" என்று நாள் முழுக்கக் கைகாட்டுகிற வாய் இது. ஆனால் கவலையில் இருக்கிறவளுக்குத் தாய்மொழிதான் முந்திக்கொண்டு வருகிறது. படமும் போடவில்லை. நாட்டு நாய் என்று தெரிந்தால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் என்ற கள்ளத்தனம்.

அன்று மாலையே ஒரு பெண் கூப்பிட்டாள். வித்துராவிலிருந்து.

"பெண்குட்டி உண்டோ சேச்சி?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. பொட்டையைத் தேடி ஒருத்தி! "உண்டு, உண்டு, மூணு உண்டு" என்றேன். நிறம் எதுவானாலும் பரவாயில்லை என்றாள். நானும் கெட்டிக்காரத்தனமாக விசாரித்தேன். நம் கடையில் நீங்கள் ஒரு சேலையை இறக்கும் முன், "உடுத்தப் போறது யாரு?" என்று கேட்காமல் விட்டதில்லையே. அதேபோல, பகலில் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன். வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறேன் என்றாள். "ராத்திரி கரையும் கேட்டா. அம்மையைத் தேடும்" என்றேன்.

அதற்கு அவள் சொன்னாள்: "கரஞ்ஞோட்டே சேச்சி. ஞான் எடுத்தோண்டு நடக்காம்."

அழட்டுமாம். தூக்கிக்கொண்டு நடப்பாளாம். ஃபோனை வைத்துவிட்டு மேடத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

மறுநாள் கதவைத் தட்டியது அங்கன்வாடி டீச்சர். பின்னால் ஒரு பெண் போலீஸ். அதற்கும் பின்னால் தெருவில் பாதி. "குட்டிகள் எவிடே?" என்றார் டீச்சர். குட்டி எடுக்க வந்துவிட்டார்களே என்று நான் பல்லைக் காட்டிக்கொண்டு, "அம்ம பால் கொடுக்குன்னு, பின்னில உண்டு" என்றேன். "மேடம் எவிடே?" "மேடமும் அவிடே தன்னே, சாக்கில கிடக்குன்னு." போலீஸ்காரி என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கூட்டத்தில் யாரோ, தமிழத்தி பிள்ளைகளை விற்கிறாள் என்று சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. இருபது வருஷமாக இதே தெருவில் குடம் தூக்கினவள். ஒரு வார்த்தையில் நான் யாரோ ஆகிவிட்டேன்.

சாய்ப்பில் எல்லாரும் நின்று பார்த்தார்கள். மேடம் சாக்குமேல் விரித்த உங்கள் சேலையில் படுத்தபடி, தலையைத் தூக்கி, வந்தவர்களை மேலும் கீழும் பார்த்தாள். முதலில் சிரித்தது போலீஸ்காரிதான். பிறகு தெருவே சிரித்தது. நான் மட்டும் சுவரில் சாய்ந்து அழுதேன். டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எந்தா செல்வி, ஒரு 'பட்டி' எழுதிக்கூடேயிருந்நோ?" என்றார். ஒரு பட்டியை எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா?

எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை என்று எப்படிச் சொல்ல?

எல்லாரும் போனபிறகு வித்துராக்காரியைக் கூப்பிட்டேன். தெரிந்துபோயிற்று அல்லவா, அவள் கேட்டது எந்தக் குட்டி என்று. கூப்பிடாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அவள் அங்கே தொட்டிலைத் துடைத்து வைத்துக் காத்திருந்தால்? நாய்க்குட்டி என்று சொன்னேன். "ஓ" என்றாள். அவ்வளவுதான். ஃபோன் நின்றுவிட்டது. போலீஸ் வந்தபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை அக்கா.

டீச்சர்தான் பிறகு கை கொடுத்தார். வார்டில் எந்த வீட்டில் யார் சோறு போடுவார்கள், எந்த வீட்டில் வாய் மட்டும்தான் என்று அவருக்கு அத்துப்படி. ஒவ்வொரு குட்டியாகத் தூக்கிப் பார்த்து, கறுப்புப் பொட்டையிடம் வந்ததும், "இதினு தூக்கம் குறவா" என்றார். எடை குறைவு என்கிறார். "எனக்குந்தான் டீச்சர், கண்ணே மூடல" என்றேன். அவருக்குப் புரிய நேரமாயிற்று. நீங்கள் இருந்திருந்தால் உடனே சிரித்திருப்பீர்கள்.

பால்குடி மறந்ததும் இரண்டு ஆணும் அவர் சொன்ன வீடுகளுக்கே போயின. ஒரு பொட்டையை நம் கடைத் தையல்காரர் எடுத்தார், இன்னொன்றை டீச்சரின் நாத்தனார். இதற்கிடையில் குடோன் வைத்திருக்கிற ஒருவர் வந்து, மிச்சமிருந்த கறுப்பை அப்போதே கொண்டுபோகிறேன் என்றார். கூடு உண்டு, சங்கிலி உண்டு என்றார். ஆள் உண்டா என்று கேட்டேன். ராத்திரி வாட்ச்மேன் வருவாராம். தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"தேடி வந்தவனையும் வெரட்டிட்டியோ? நாளைக்கு ஓனரு கேட்டா உங்கக்காவா வந்து பதில் சொல்லுவா?" என்று கத்தினார் வீட்டுக்காரர். அவர் கேட்டதிலும் தப்பில்லை. பெயின்ட் அடித்தாகிவிட்டது. புதுக் குடித்தனக்காரர்கள் சாமான்களை ஏற்றத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார்கள். கடையில் சேலையை மடிக்கும்போதெல்லாம், வீட்டில் அந்த நேரம் யாராவது சாக்கோடு வந்திருப்பார்களோ என்றே நினைப்பு ஓடும். தப்புச் சேலையைத் தப்புப் பெட்டியில் வைத்து மேனேஜர் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் வித்துரா நம்பர் மறுபடி வந்தது. "ஆ பெண்ணு போயோ சேச்சி?" அந்தப் பெண்குட்டி போய்விட்டதா என்கிறாள்.

ஒன்று இருக்கிறது, கறுப்பு, நாட்டுநாய், எடையும் இல்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். இந்தமுறை எதையும் மறைக்க எனக்குத் தைரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். மெலிந்த பெண், முப்பத்தைந்து இருக்கலாம். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளை இல்லாத ஏக்கத்தில் தூக்கிக்கொண்டு போவாள். நாளைக்கு அது செருப்பைக் கடிக்கும், தரையில் பெய்து வைக்கும். அப்போது, நான் கேட்டது இதையா என்று வெறுத்துவிட்டால்? கேட்கக் கூடாததுதான். ஆனாலும் கேட்டேன். "மோளே, இது குட்டிக்குப் பகரம் ஆகாது கேட்டா."

பிள்ளைக்கு ஈடாகாது என்றதும் அவள் கோபப்படவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அறியாம் சேச்சி. இது பட்டியாணு. பட்டியாயிட்டுத் தன்னே நோக்காம்."

இது நாய் என்று தெரியும், நாயாகவே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அக்கா, அந்த வார்த்தையை இவ்வளவு மரியாதையாக ஒருத்தி சொல்லி நான் கேட்டதில்லை. உங்களுக்கும் அவள்மேல் கோபம் வந்திருக்காது.

மருந்து எப்போது, ஊசி எப்போது, ஆபரேஷன் எப்போது என்று சொல்லிக்கொண்டே பஸ் ஸ்டாப்புவரை போனேன். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஞங்ஙள் உண்டல்லோ சேச்சி" என்றாள். நாங்கள் இருக்கிறோமே என்று.

அந்த இடத்தில்தான் நீங்கள் நினைவுக்கு வந்தீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் நீங்கள் உங்கள் வலியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "மேடம் தின்னாளா? மழையில கட்டிப் போட்டுராதே. இடி இடிச்சா பயப்படுவா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மருந்து மயக்கத்தில் பேசுகிறீர்கள் என்று நினைத்து, "நான் இருக்கேன்லா அக்கா" என்று சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கைக் கழுவப் போனேன். சொல்லியாயிற்று, உங்கள் மனசு ஆறியிருக்கும் என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன். ஆறியிருக்காது. ஒப்படைக்கிறவளுக்கு அந்த வார்த்தை போதவே போதாது என்று பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் தெரிந்தது. இனி நம் கண்ணால் பார்க்கப்போவதில்லை என்ற பயம் எந்த வார்த்தைக்கும் அடங்காது. உங்களிடம் இருந்த அந்தப் பயம் இப்போது என்னிடம் இருக்கிறது.

போதாது என்று தெரிந்தும்தான் நீங்கள் அன்று என் கையை விட்டிருக்கிறீர்கள். பஸ் வந்தது. நானும் அவள் கையை விட்டேன்.