கிடை போட்ட நிலம்

ஆவணி 28, வெள்ளி

நாங்கள் இன்னும் விதைக்கவே இல்லை. ஆனால் போன வாரம் பெய்த மழைக்கு நிலம் முழுக்கப் பச்சை. காலையில் பார்த்தபோது புல் என்றுதான் நினைத்தேன். மனைவி ஒன்றைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தாள். ஆட்டுப் புழுக்கை. அதைப் பிளந்துகொண்டு இரண்டு முளை.

"சீமைக் கருவேலங்க. வேரோட தோண்டி எரிச்சிருவோம்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

சொன்னாள்தான். தீ வைத்தால் பக்கத்து வைக்கோற்போர் என்னாவது என்று நான்தான் மறுத்தேன். மரங்களை வெட்டிவிட்டு ஆட்டு மந்தையை நிலத்திலேயே தங்கவிட்டுக் கிடை போட்டேன். உதிர்ந்த காயையெல்லாம் ஆடு தின்றுவிட்டால் அப்புறம் எது முளைக்கும்? நிலத்துக்கு எருவும் ஆச்சு என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். ஆடு காயைத் தின்றுவிட்டு, விதையை எருவோடு நிலம் முழுக்கப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. மூலையில் புதராக நின்றது இப்போது கால் வைக்க இடமில்லாமல் முளைத்து நிற்கிறது.

முதுகுளத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கச்சி, அவள் நிலத்துக் கருவேலைத் தோண்டி எரிக்க ஆள் பேசிவிட்டு என்னிடம் யோசனை கேட்டாள். "கிறுக்கி, ஆட்டைப் போடு" என்றேன்.

"நீ சொன்னாச் சரிண்ணே" என்று ஆட்களை அனுப்பிவிட்டாள். என் நிலத்தில் கிடந்த அதே ஆடுகள் இப்போது அங்கே கிடக்கின்றன.

விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குப் போகவேண்டும். போய் என்ன சொல்ல?

மேற்கே மின்னுகிறது. அவள் ஊர்ப் பக்கம்தான். இந்த வானம் பார்த்த பூமியில் மழை வேண்டாம் என்று கும்பிடுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.